ஜாக்கோவோ: காடு கொடுத்த பேராலயம்

ஐரோப்பாவின் பெரிய ஆலயங்களைப் பற்றிப் படிக்கும் போதெல்லாம் நம் மனத்தில் எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? கலையழகில் தோய்ந்து நிற்போர்க்கு இக்கேள்வி சற்று நயமற்றதாகத் தோன்றலாம். ஆனால் தன் வாழ்நாளில் ஒரு சிற்றாலயத்தின் கூரையையேனும் மாற்றிப் பார்த்த பங்குத்தந்தை எவருக்கும் அவ்வாறு தோன்றாது. கோபுரத்தின் உயரத்தைக் காணுமுன் செங்கல்லின் எண்ணிக்கையைக் கேட்பது நமக்குப் பழகிப் போயிற்று.

குரோவேசிய நாட்டின் கிழக்குப் பகுதியில், சுலவோனியா எனப்படும் சமவெளியில், ஜாக்கோவோ என்றொரு சிறு நகரம் இருக்கிறது. நாம் அதைக் கண்ணால் கண்டதில்லை. நூல்களின் வழியாகவும் படங்களின் வழியாகவும் அறிந்ததே. கடற்கரையும் தீவுகளும் நிறைந்த குரோவேசியாவைத் தேடிச் செல்லும் சுற்றுலாப் பயணியர் இச்சமவெளியை எட்டிப் பார்ப்பது குறைவு. கோதுமையும் மக்காச்சோளமும் சூரியகாந்தியும் விளையும் கரிசல் நிலம் அது. அந்த வயல்வெளியின் நடுவே, 84 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்களோடு செந்நிறப் பேராலயம் ஒன்று நிற்கிறது. இருபதாயிரம் மக்கள்கூட இல்லாத ஊருக்கு இத்துணைப் பெரிய ஆலயம் எதற்கு என்று வழிப்போக்கர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், ஆலயத்தின் கதையோடு ஊரின் கதையும் விரிகிறது. அவ்விரிவில் நமக்கு மகிழ்ச்சி தருவனவும் உண்டு. தலை குனியச் செய்வனவும் உண்டு.

ஊரின் பெயரில் 'ஜாக்' என்னும் சொல் இருக்கிறது. அம்மொழியில் அது மாணவனைக் குறிக்கும். திருத்தொண்டரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். 1239இல் கோலமன் என்னும் கோமகன் இந்நிலத்தைப் போஸ்னிய நாட்டு ஆயருக்குக் கொடையாக அளித்த சாசனத்தில்தான் ஊரின் பெயர் முதன்முதல் காணக்கிடைக்கிறது. போஸ்னிய மலைநாட்டில் சமயப் பூசல் மிகுந்து, ஆயர் அங்கே நிலைத்திருக்க இயலாமற் போகவே, அதே நூற்றாண்டில் ஆயரின் இருக்கை சமவெளிக்கு இறங்கிவந்தது. அடைக்கலம் தேடி வந்த ஆயரோடு தொடங்கிய ஊர் இது என்று சொன்னால் பிழையாகாது. ஓர் ஆயர் தம் மறைமாவட்டத்தின் பெரும்பகுதியை மலைகளுக்கு அப்பால் விட்டுவிட்டு, அந்நாட்டின் பெயரை மட்டும் பட்டமாகத் தாங்கி வாழ்ந்த விந்தையும் இங்கே நிகழ்ந்தது.

1536இல் ஒட்டோமான் துருக்கியர் ஊரைக் கைப்பற்றினர். 1687 வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், அவர்களுடைய ஆட்சி நீடித்தது. இப்ராகிம் பாஷா கட்டிய பள்ளிவாசல் பின்னர் ஆலயமாக மாற்றப்பட்டு, அனைத்துப் புனிதர்கள் ஆலயம் என்னும் பெயரோடு இன்றும் நிற்கிறது. முன்புறத்தை ஆலயம்போல் மாற்றியிருக்கின்றனர். ஆனால் உடலும் குவிமாடமும் பள்ளிவாசலுடையவைதாம். ஊரின் நடைபாதைத் தெருவில் ஒரு முனை அந்த ஆலயம்; மறுமுனை பேராலயம். மாலை வேளையில் ஊரார் உலாவரும் அத்தெருவில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பவர் சில நூறாண்டு வரலாற்றைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்.

துருக்கியர் பின்வாங்கியபின் ஆயர்கள் திரும்பிவந்து, வெறிச்சோடிக் கிடந்த நிலங்களில் மக்களைக் குடியேற்றினர். 1773இல் போஸ்னிய மறைமாவட்டமும் சிரேம் மறைமாவட்டமும் ஒன்றிணைக்கப்பட்டன. 1806இல் ஆயர் அந்துன் மாந்திச் இங்கே குருமடம் ஒன்றை நிறுவினார். மாணவன் என்று பெயர் கொண்ட ஊருக்கு உண்மையிலேயே மாணவர் வந்து சேர்ந்தனர்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். பணம் எங்கிருந்து வந்தது? காட்டிலிருந்து வந்தது. சுலவோனியக் கருவாலி, அதாவது ஓக் மரம், ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்றது. நேராக உயர்ந்து, நெருங்கிய இழையோடு வளர்ந்து, நூறு இருநூறு ஆண்டுகள் முதிர்ந்து நிற்கும் மரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டுத் திராட்சை இரச வணிகர்கள் தங்கள் பீப்பாய்களுக்கு வேண்டிய பலகைகளை இங்கிருந்து பெருமளவில் வாங்கினர். ஆற்று வழியாகவும், பின்னர் இருப்புப்பாதை வழியாகவும் அப்பலகைகள் அத்ரியாத்திக் கடற்கரைத் துறைமுகங்களுக்குச் சென்றன. ஜாக்கோவோ ஆயரின் சொத்தில் இத்தகைய காடுகள் பரந்து கிடந்தன. முந்தைய ஆயர்களும் அக்காடுகளைக் கண்டனர். ஆனால் அதை ஒரு நாட்டின் கல்விக்கும் கலைக்கும் முதலாக மாற்றிய ஆயர் ஒருவரே.

யோசிப் யூராய் ஸ்ட்ரோஸ்மாயர் 1815இல் ஒசியேக் நகரில் பிறந்தார். குடும்பம் ஆஸ்திரிய நாட்டு லின்ஸ் நகரிலிருந்து வந்து குடியேறியது. தந்தை குதிரை வணிகர், எழுதப் படிக்க அறியாதவர் என்பர். மகனோ இருபது வயதில் மெய்யியலில் முனைவரானார். 1849இல், முப்பத்து நான்கு வயதில், ஜாக்கோவோவின் ஆயராக நியமிக்கப்பட்டார். 1905இல் தம் தொண்ணூறாம் வயதில் இறக்கும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகள், அப்பொறுப்பிலேயே இருந்தார். நீண்ட ஆயர்பணி எப்போதும் நற்பேறாக அமைவதில்லை. ஆனால் காடு வளர்ப்பவருக்கும் ஆலயம் கட்டுபவருக்கும் நீண்ட ஆயுள் தேவைதான்.

அவர் கொடுத்தவற்றின் பட்டியல் வியப்பூட்டுவது. 1860இல் தென் ஸ்லாவியருக்கென ஓர் அறிவியல் கலைக் கழகம் அமைய வேண்டுமென்று ஐம்பதாயிரம் ஃபுளோரின் நாணயம் அளித்தார். அக்கழகம் 1867இல் சாக்ரெப் நகரில் பணி தொடங்கியது. பின்னர் அந்நகரில் பல்கலைக்கழகம் அமையவும் பெருந்தொகை தந்தார்; 1874இல் அது திறக்கப்பட்டது. தாம் இத்தாலியிலும் பிற இடங்களிலும் தேடித் தொகுத்த ஓவியங்களை நாட்டுக்கே கொடுத்துவிட்டார். 1884இல் அவை மக்கள் பார்வைக்கு வந்தன. இன்றும் அக்காட்சியகம் அவர் பெயரையே தாங்குகிறது. மிலாதினோவ் உடன்பிறப்புகள் தொகுத்த நாட்டுப்பாடல் நூல் ஒன்றுண்டு. பல்கேரிய மாசிடோனிய இலக்கிய வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற நூல் அது. அதை அச்சேற்ற ஆள் கிடைக்காமல் தவித்த கொன்ஸ்தந்தீன் மிலாதினோவுக்குக் கைகொடுத்தவர் இந்தக் கத்தோலிக்க ஆயரே. கிரேக்க எழுத்தில் எழுதி வந்ததைச் சிரிலிக் எழுத்தில் மாற்றி எழுதுமாறு அறிவுரையும் சொல்லி, 1861இல் சாக்ரெபில் அச்சிடச் செய்தார். அப்பாடல்களைப் பாடியவர்கள் மரபுவழிச் சபையினர். அது அவருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

1866இல் பேராலயப் பணி தொடங்கியது. வியன்னாவின் கார்ல் ரோஸ்னர் வரைபடம் தந்தார். 1869இல் அவர் இறந்தபின் ஃபிரெடரிக் ஷ்மிட் பணியைத் தொடர்ந்தார். அவ்வூர் மண்ணில் அறுத்துச் சுட்ட செங்கல்லே உடலெங்கும். எழுபது இலட்சம் செங்கற்கள் என்று கணக்குச் சொல்கின்றனர். சுவர் ஓவியங்களுக்கு முதலில் ஃபிரெடரிக் ஓவர்பெக் என்னும் முதிய கலைஞரிடம் மாதிரிகள் வரையச் சொன்னார் ஆயர். தூய பேதுருவின் வாழ்வைக் கருவாகக் கொண்டு அவர் வரைந்தார். ஆனால் அவரும் 1869இல் மறைந்தார். பின்னர் அலெக்சாந்தர் மக்சிமிலியன் சைட்சும் அவர் மகன் லுத்விக் சைட்சும் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துச் சுவர்களை நிறைத்தனர். 1882 அக்டோபர் 1ஆம் நாள் பேராலயம் நேர்ந்தளிக்கப்பட்டது. முகப்பில் ஆயர் பொறிக்கச் செய்த நேர்ந்தளிப்பு வாசகம் இறைவனின் மாட்சியையும், திருச்சபைகளின் ஒன்றிப்பையும், தம் மக்களின் இணக்கத்தையும் அன்பையும் குறிக்கிறது. திருச்சபை என்று ஒருமையில் அன்று. திருச்சபைகள் என்று பன்மையில். 1882இல் ஒரு கத்தோலிக்கப் பேராலயத்தின் முகப்பில் அப்பன்மை இடம்பெற்றது என்பதை இறையியல் பயின்ற எவரும் எளிதில் கடந்து போக முடியாது.

வெனிசுக்கும் கொன்ஸ்தாந்தினோபிளுக்கும் இடையே இதனினும் அழகிய ஆலயம் இல்லை என்று பின்னாளில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் சொன்னதாக அவ்வூரார் பெருமையோடு கூறுவர். அவர் பல்கேரியாவிலும் துருக்கியிலும் திருத்தந்தையின் தூதராகப் பல ஆண்டுகள் இருந்தவர் ஆதலின், இரண்டு முனைகளையும் நன்கறிந்தவர்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சுலவோனியக் குடியானவனுக்குக் கருவாலிக் காடு வெறும் மரக்கூட்டம் அன்று. இலையுதிர் காலத்தில் உதிரும் அதன் கொட்டைகளைத் தின்றே அவன் பன்றிகள் கொழுத்தன. குளிர்கால விறகும் அங்கிருந்தே வந்தது. 1848இல் பண்ணையடிமை முறை ஒழிந்தபின், காட்டில் குடியானவருக்கு இருந்த மேய்ச்சல், விறகு உரிமைகள் நிலவுடைமையாளரின் பங்கிலிருந்து பிரித்து அளக்கப்பட்டன. எல்லை பிரிக்கப்பட்ட காடு வணிகத்துக்கு எளிதாயிற்று. மரம் வீழ்ந்த இடத்தில் கொட்டை உதிர்வதில்லை. நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், கூரை வேலைக்காக வளாகத்து முதிர்ந்த புளியமரங்கள் இரண்டை ஏலம் விட்டோம். பங்குப்பேரவையின் ஒப்புதல் இருந்தது. கணக்கும் சரியாகவே இருந்தது. மறு ஆண்டு, அம்மரத்தடியில் புளி பொறுக்கி விற்றுவந்த மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, எதுவும் கேட்காமல் சற்றுநேரம் நின்றுவிட்டுப் போனார். ஸ்ட்ரோஸ்மாயரின் பெருங்கொடைகளைப் படிக்கும்போது அந்த மூதாட்டி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. ஆயினும், அவர் காட்டை விற்று மாளிகையில் விருந்துண்டு முடித்தவர் அல்லர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்ற நாள்களில் முதல் வத்திக்கான் பொதுச்சங்கத்தைப் பற்றிய பாடத்தில்தான் இவருடைய பெயரை நாம் முதலில் கேட்டோம். வழுவா வரக் கோட்பாட்டை எதிர்த்த சிறுபான்மையினருள் ஒருவர் என்று இரண்டே வரிகளில் பாடம் முடிந்தது. பின்னர் விரிவாகப் படித்தபோதுதான் 1870 மார்ச் 22ஆம் நாளின் நிகழ்ச்சி தெரியவந்தது. அன்று ஆய்வுக்கு வந்தது வழுவா வரம் அன்று. கத்தோலிக்க நம்பிக்கை பற்றிய ஏட்டின் முன்னுரை. இயற்கைவாதம், எல்லாம் இறையெனும் கொள்கை, இறைமறுப்பு ஆகிய தீமைகள் அனைத்தும் புரோட்டஸ்டாண்டு இயக்கத்திலிருந்தே பிறந்தன என்னும் பொருள்பட அம்முன்னுரை அமைந்திருந்தது. ஸ்ட்ரோஸ்மாயர் எழுந்தார். இலத்தீன் சொல்வன்மையில் அவருக்கு இணையானவர் அவ்வவையில் மிகச் சிலரே. இது உண்மைக்கும் அன்புக்கும் ஏற்றதன்று என்றார். லைப்னிட்ஸ், கீசோ போன்ற புரோட்டஸ்டாண்டு அறிஞர்கள் அத்தவறுகளை எதிர்த்து எழுதியதை எடுத்துக்காட்டினார். கிறிஸ்துவை நல்லெண்ணத்தோடு அன்பு செய்வோர் அவர்களிடையே பலர் உண்டு என்றார். அவைத்தலைமைக் கர்தினால்மார் இடைமறித்தனர். கோட்பாட்டு வரையறைக்குப் பெரும்பான்மை போதாது, ஒருமனப்பாடு வேண்டும் என்று அவர் தொடர்ந்தபோது அவையே கொந்தளித்தது. இறங்கு, இறங்கு என்று கூச்சல். தாம் எதிர்ப்பைப் பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டு அவர் மேடையைவிட்டு இறங்கினார்.

அம்முன்னுரையின் கடுஞ்சொற்கள் பின்னர் மென்மையாக்கப்பட்டன என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் கழித்து, 1964 நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்பை வெளியிட்டபோது, 'பிரிந்த சகோதரர்' என்னும் சொல் நமக்குப் பழக்கமாயிற்று.

அவருக்கு இன்னொரு துன்பமும் நேர்ந்தது. சங்கத்தில் அவர் ஆற்றிய உரை என்று சொல்லி, திருத்தந்தையின் தலைமையையே மறுக்கும் ஒரு போலி உரை 1871 முதல் பல மொழிகளில் துண்டு வெளியீடாகப் பரவியது. மெக்சிக்கோவைச் சேர்ந்த, சபையைவிட்டு வெளியேறிய துறவி ஒருவர் எழுதியது அது. ஸ்ட்ரோஸ்மாயர் அதைப் பலமுறை மறுத்தார். மறுப்பு சென்ற இடத்தைவிடப் போலி சென்ற இடம் அதிகம். அவர் சொல்லாததற்காக ஒரு சாரார் அவரைப் போற்றினர். மறுசாரார் அவரைத் தூற்றினர். அவர் சொன்னதைக் கேட்டவர் குறைவு.

வழுவா வரக் கோட்பாட்டைப் பொறுத்தவரை, 1870 ஜூலை 18ஆம் நாள் இறுதி வாக்கெடுப்புக்குமுன், சிறுபான்மை ஆயர்கள் பலரைப் போலவே அவரும் உரோமையைவிட்டு வெளியேறினார். மற்ற ஆயர்களெல்லாம் ஒருவர்பின் ஒருவராக ஏற்றுக்கொண்டபின்பும் அவர் தயங்கினார். 1872 டிசம்பரின் இறுதியில்தான் சங்கத்தின் தீர்மானங்களைத் தம் மறைமாவட்ட ஏட்டில் வெளியிட்டார். இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மௌனத்தைக் கீழ்ப்படியாமை என்று எழுதுவோர் உண்டு. கோழைத்தனமாகப் பணிந்தார் என்று மறுபுறம் எழுதுவோரும் உண்டு. நம் கருத்தில் இரண்டும் அவசரத் தீர்ப்புகள். கீழ்ப்படிதல் வாக்குறுதியை ஆயரின் கைகளுக்குள் கைவைத்துக் கொடுத்த நம்மைப் போன்றோர்க்கு, மனச்சான்றுக்கும் கீழ்ப்படிதலுக்கும் இடையே இரண்டாண்டு என்பது நீண்ட காலமன்று.

அவருடைய பெருங்கனவு ஒன்றிப்பு. ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த தென் ஸ்லாவியர், கத்தோலிக்கராயினும் மரபுவழிச் சபையினராயினும், கல்வியாலும் பண்பாட்டாலும் ஒருவரையொருவர் அறிந்து நெருங்க வேண்டும் என்பதே அது. 1886இல் இரஷ்ய மெய்யியலாளர் விளதீமிர் சொலோவியோவ் ஜாக்கோவோவுக்கு வந்து அவருடைய விருந்தினராகத் தங்கினார். 1888இல், இரஷ்ய மக்கள் திருமுழுக்குப் பெற்றதன் தொள்ளாயிரமாவது ஆண்டு விழாவுக்குக் கீவ் நகருக்கு அவர் வாழ்த்துத் தந்தி அனுப்பியதும் பேரரசர் பிரான்ஸ் யோசேப் பியெலோவார் நகரில் பிறர் முன்னிலையில் அவரைக் கடிந்துகொண்டார். தம் மனச்சான்று தெளிவாக இருக்கிறது என்று ஆயர் விடைகூறிவிட்டு நின்றார்.

ஊரின் மற்றொரு செல்வம் குதிரை. 1506ஆம் ஆண்டிலேயே இங்கே ஆயரின் குதிரைப் பண்ணை இருந்ததாகச் செய்தி உண்டு. 1806இல், நெப்போலியனின் படைக்கு அஞ்சி லிப்பீசா பண்ணையின் வெண்குதிரைகள் இங்கே கொண்டுவரப்பட்டன. அதுமுதல் லிப்பிசானர் இனம் இவ்வூருக்கு உரியதாயிற்று. பிறக்கும்போது கருமையாகவோ கபில நிறமாகவோ இருந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல வெளுக்கும் குதிரை அது. பொறுமையோடு காத்திருந்தே அதன் வெண்மையைக் காண வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் பண்ணை அரசுடைமையாயிற்று. 1972இல் யூகோஸ்லாவியா வந்த இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் இக்குதிரைகள் பூட்டிய வண்டியில் சென்றார். லிப்பிசானர் வளர்ப்பு மரபு 2022இல் எட்டு நாடுகளுக்குரிய பொதுச் செல்வமாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெண்கள் கையில் இருந்த செல்வம் தங்க இழைப் பூவேலை. வெண்ணிறத் துணியின்மேல் அட்டையில் வெட்டிய வடிவத்தை வைத்து, அதைப் பொன்னிழையால் மூடித் தைப்பர். திருநாள் உடையில் மார்பு நிறையத் தங்கக் காசு மாலையும் உண்டு. சீதனம், சேமிப்பு, அழகு மூன்றும் ஒரே உடையில் அடங்கின. 1967 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தில் 'ஜாக்கோவோப் பூவேலைகள்' என்னும் பெயரில் விழா நடக்கிறது. ஊர் ஊராக மக்கள் தங்கள் உடையணிந்து வருவர்; குதிரை வண்டிகள் அணிவகுக்கும்; குறும்பும் எள்ளலும் நிறைந்த ஈரடிப் பாடல்களைத் தம்புரா என்னும் நரம்புக் கருவியோடு பாடுவர். 'பெச்சாரத்ஸ்' எனப்படும் அப்பாடல்மரபு 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. சோசலிச ஆட்சி நடந்த ஆண்டுகளில், பங்கு ஆலயத்தோடு பிணைந்த திருநாள் உடைக்கு ஊர்வலம் வர இவ்விழா வழிவகுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதுவரை எழுதியதோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை இனிதாக முடிந்திருக்கும். ஆனால் ஜாக்கோவோவைப் பற்றி எழுதுவோர் பலர் குறிப்பிடாமல் செல்லும் ஒரு கட்டடம் உண்டு. அது மாவு அரைக்கும் ஆலை. மறைமாவட்டத்துக்குச் சொந்தமானது, 1941இல் பயன்பாடின்றிக் கிடந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் ஜெர்மானிய இத்தாலியப் படைகள் யூகோஸ்லாவியாவைச் சிதைத்தபின், உஸ்தாஷா எனப்படும் இயக்கத்தின் கையில் குரோவேசிய அரசு அமைந்தது. டிசம்பர் மாதம் சரயேவோ நகரிலிருந்து யூதப் பெண்களும் குழந்தைகளும், அவர்களோடு செர்பியப் பெண்கள் சிலரும், இரயிலில் ஏற்றி ஜாக்கோவோவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை அடைத்துவைத்த இடம் அந்த ஆலை. உணவும் மருந்தும் கொடுக்கும் பொறுப்பு ஒசியேக் நகர யூதர்களின்மேல் சுமத்தப்பட்டது. அவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தனர். குழந்தைகள் சிலரைத் தங்கள் வீடுகளுக்கு எடுத்துச் சென்றனர். 1942இன் தொடக்கத்தில் ஸ்தாரா கிராதிஷ்கா முகாமிலிருந்து மேலும் பலர் கொண்டுவரப்பட்டனர். அவர்களோடு டைபசு நச்சுக் காய்ச்சலும் வந்தது. மார்ச் இறுதியில் முகாம் நேரடியாக உஸ்தாஷாவின் காவலுக்கு மாறியது. அதன்பின் நடந்த கொடுமைகளை இங்கே விரித்தெழுத மனம் ஒப்பவில்லை. மொத்தம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஆலைக்குள் வைக்கப்பட்டனர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர். எஞ்சியவரை ஜூனிலும் ஜூலைத் தொடக்கத்திலும் யாசெனோவாச் முகாமுக்கு அனுப்பிக் கொன்றனர்.

திருச்சபைகளின் ஒன்றிப்புக்கும் மக்களின் அன்புக்கும் என்று பொறித்த முகப்பு அதே ஊரில்தான் அப்போதும் நின்றது. வாசகம் பொறிக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் நிறைந்திருக்கவில்லை. அதைப் பொறித்தவரிடம் பயின்ற குருக்கள் சிலரேனும் அன்று உயிரோடிருந்திருப்பர். ஆட்சி நம்முடையதன்று, ஆயுதம் நம்முடையதன்று, காவலர் நம்மவர் அல்லர் என்று சொல்லலாம், அவையனைத்தும் உண்மையே. கட்டடம் நம்முடையது. உஸ்தாஷாவினர் கத்தோலிக்கர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள். நாம் இதைப் படித்த நாளன்று மாலைத் திருப்பலியில் மன்னிப்பு வழிபாட்டுச் சொற்களைச் சொல்லுகையில் நா தடுமாறியது.

ஆனால் அதே ஊரில் இன்னொன்றும் நிகழ்ந்தது. முகாமில் இறந்தோர் யூதர் கல்லறைத் தோட்டத்தில், ஒவ்வொருவரும் தனித்தனிக் குழியில், தத்தம் பெயரோடு புதைக்கப்பட்டனர். அங்கே குழிவெட்டும் பணியில் இருந்தவர் ஒவ்வொரு பெயரையும் எழுதிவைத்தார். அக்காலத்து முகாம்களில் இறந்தோர் பெரும்பாலும் பெயரின்றிப் பெருங்குழிகளில் தள்ளப்பட்டனர். பெயரோடு கூடிய கல்லறைகள் ஒரு முகாமுக்கு இருப்பது ஐரோப்பாவிலேயே அரிதினும் அரிது. ஆறு மாதக் குழந்தையாயினும் அறுபது வயது மூதாட்டியாயினும், எவரும் எண்ணாகப் புதைக்கப்படவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். தோபித்து நூலை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் வழக்கம். இப்போதெல்லாம் அக்குழிவெட்டியையும் சேர்த்துச் சொல்கிறோம்.

போருக்குப்பின் வந்த ஆட்சி மறைமாவட்டத்தின் நிலங்களிலும் காடுகளிலும் பெரும்பகுதியை 1945இன் நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக வாழ்ந்த ஜெர்மானியக் குடியேறிகளும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் குற்றமற்றோரும் குழந்தைகளும் பலர். பழி தீர்ப்பதில் எந்த ஆட்சியும் கணக்குப் பார்ப்பதில்லை. 1991இல் யூகோஸ்லாவியா உடைந்தபோது, நவம்பர் 18இல் வீழ்ந்த வுகோவார் நகரம் இதே மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ட்ரோஸ்மாயர் நெருங்கிவர வேண்டுமென்று விரும்பிய இரு மக்களும் அவருடைய மறைமாவட்டத்துக்குள்ளேயே பீரங்கிகளோடு எதிரெதிரே நின்றனர். அவருடைய கனவைப் பேதைமை என்று அன்று எழுதியோர் பலர். இருவரும் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதே அவர் கேட்டது. அதை எவரும் முழுமையாகச் செய்துபார்க்கவில்லை என்பதே நம் எண்ணம்.

1998இல் திருப்பீடமும் குரோவேசிய அரசும் செய்துகொண்ட பொருளாதார உடன்பாட்டுக்குப்பின், பறிக்கப்பட்ட சொத்துகளைத் திருப்பித் தருவது பற்றிய பேச்சு முறைப்படி தொடங்கியது. 2003 ஜூன் 7ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒசியேக்கில் திருப்பலி நிறைவேற்றியபின் ஜாக்கோவோப் பேராலயத்துக்கு வந்து செபித்தார். 2008இல் ஜாக்கோவோ-ஒசியேக் உயர்மறைமாவட்டம் நிறுவப்பட்டது. மறைமாவட்டத்தின் திராட்சைத் தோட்டங்கள் மாந்திசேவாச் என்னும் ஊரில் உள்ளன. குருமடம் நிறுவிய ஆயர் மாந்திச்சின் பெயர் அவ்வூருக்கு வாய்த்திருக்கிறது. அங்கே விளைவது திருப்பலிக்கும் பயன்படுகிறது, கடைகளிலும் விற்கப்படுகிறது.

காடும் குதிரையும் பூவேலையும் இருந்தும், ஊர் இப்போது இளைத்துக்கொண்டு வருகிறது. 2013 ஜூலையில் குரோவேசியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின், ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் செல்லும் கதவு திறந்தது. இளைஞர் குடும்பத்தோடு கிளம்பினர். சுற்றியுள்ள சிற்றூர்களையும் சேர்த்து 2011இல் ஏறத்தாழ 27,700 பேர் இருந்த நகராட்சியில், 2021இல் 23,600 பேரே எஞ்சினர். பத்தாண்டுகளில் ஏழில் ஒருவர் இல்லை. அருகிலிருக்கும் சிற்றூர்களில் சன்னல் அடைத்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. முன்றிலில் வால்நட் மரம் காய்த்து உதிர்கிறது, பொறுக்க ஆளில்லை. ஜூலை விழாவுக்கு மட்டும் டப்ளினிலிருந்தும் மூனிச்சிலிருந்தும் பிள்ளைகள் திரும்பிவருகின்றனர். பாட்டி பெட்டியில் மடித்துவைத்திருந்த பொன்னிழை உடையை எடுத்துப் பேத்திக்கு அணிவிக்கிறார். அது தோளில் சற்றுப் பெரிதாக இருக்கிறது. ஊசி குத்தி இறுக்கிவிடுகிறார்.